வெச்சுப் பாத்தேன், சேரலீங்க

அன்னாசியை வட்டமாக அரிந்து, வட்டத்தை முக்கோணங்களாகக் கூறுபோட்டதும் சுகுணா ஒரு துண்டைத் தூக்கி இன்னொன்றின் முதுகில் ஏற்றிவிடுவாள். ஓரம் ஓரத்தோடு, மூக்கு மூக்கோடு ஒட்ட வேண்டும். துருத்திக்கொண்டு நிற்கிற பிசிறு அவள் வாய்க்குள் போகும். "யாவாரத்துல எனக்கு இதுதானுங்க லாபம்" என்று மென்றபடியே மிளகாய்ப்பொடி தூவுவாள்.

மலைமேல் இருக்கிற வாசலூர்பட்டி ஏரியில் படகு விட வருகிறவர்கள் தண்ணீரில் சமாதானமாகப் போய்விட்டு, கரையேறியதும் இவள் தட்டுக்கு முன்னால் நின்று போர் தொடுப்பார்கள். அக்காவுக்குப் பெரிசாம், தம்பிக்குச் சின்னதாம்.

"அடிச்சுக்காதீங்க சாமி. மேல வெச்சுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான்."

மலையில் இப்படிச் சமத்துவத்தைக் கட்டிக் காக்கிறவளைக் கவிழ்த்ததும் முக்கோணம்தான்.

இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அதில் குண்டூர் நாட்டில் அவள் ஊர் அங்கன்வாடிக்கு உதவியாளர் எடுக்கப் போகிறார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும், வயதும் தாண்டக் கூடாது. சுகுணாவின் வயதைக் கேட்டால், "போன வருசம் வரைக்கும் கொமரிதானுங்க" என்பாள். இந்த வருடம் விட்டால் அந்த வேலை அவளுக்குக் கிடையாது. தனித்தேர்வில் மற்ற பாடங்களைத் தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் மிச்சம்.

"எழுவது கொண்டை ஊசி வளைவு ஏறி ஊர் சனமே மேல வந்துருதுங்க. கணக்கும் ஏறி வந்துச்சு. என்ற மண்டைக்குள்ள திரும்புறப்பதான் டயர் வெடிச்சுப்போச்சு."

சென்ற முறை தாளில் இரண்டு முக்கோணங்கள் இருந்தன. சர்வசமம் என நிறுவுக என்று கேட்டிருந்தார்கள். சர்வசமம் என்றால் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துவது. அட, இது நம்ம தொழிலாயிற்றே! சுகுணா கேள்வித்தாளிலிருந்து ஒரு முக்கோணத்தை நகத்தால் கிள்ளி எடுத்தாள். பிட் அடிக்கிறாள் என்று கண்காணிப்பாளர் புலிப் பாய்ச்சலாக வந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"வெச்சுப் பாக்கறேனுங்க."

வைத்துப் பார்த்ததில் ஒரு மூலை நெல்லளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பொய்யெழுத மனம் வரவில்லை. 'வைத்துப் பார்த்தேன். சேரவில்லை' என்று எழுதிவைத்தாள். அந்தக் கேள்விக்கு முட்டை. தாளைத் திருப்பினால் இன்னொரு கேள்வியில் பாதியும் முக்கோணத்தோடு போயிருந்தது.

இந்தக் கதையை மலை முழுக்கப் பரப்பியவள் அவளேதான். சொல்லச் சொல்லக் கண்காணிப்பாளருக்கு மீசை வளரும். இப்போதைக்குக் காதுவரை வந்திருக்கிறது. கேட்கும்போதெல்லாம் புருசன் தமிழ்செல்வன் சொல்வான்:

"அச்சடிச்சவன் கோணையாப் போட்டா நீயென்ன புள்ள பண்ணுவ? மறுக்கா அடிக்கச் சொல்லிரலாம்."

"அதையுங் கிள்ளித்தானே பாப்பேன், மாமா!"

ஒரு தட்டு அன்னாசி வாங்க வந்த கணக்கு டீச்சர் ஹேமலதாதான் விஷயத்தை உடைத்தாள். "அக்கா, படம் சும்மா அடையாளத்துக்குத்தானுங்க. ரெண்டு பக்கம் சமம், அதுக நடுவுல இருக்கற கோணமுஞ் சமம்னு மேல குடுத்திருக்கான்ல? அதைய வெச்சே எழுதோணும். கண்ணுக்கு அங்க வேலையே இல்ல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க டீச்சர். பரிச்சைக்குன்னு கண்ணாடி வாங்கித் தொலைச்சுட்டனே!"

அன்றிலிருந்து வியாபாரம் குட்டிச்சுவர். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பக்கம், கோணம், பக்கம்" என்று முனகுவாள். உப்புக் கேட்டவருக்குச் சர்க்கரை போனது. துண்டுகளும் ஒன்று யானை, ஒன்று எலி. "இந்தப் பாடம் என்னைய பாஸ் பண்ண வெக்கறதுக்குள்ள கடைய ஃபெயிலாக்கிருமுங்க."

இந்தத் தடவை தேர்வுக்காக அடிவாரத்துக்கு இறங்கும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வாந்தியும் 'பக்கம், கோணம், பக்கம்' விதியும் மாறி மாறி வந்தன. அரங்கத்தில் தாளைத் திருப்பினாள். பக்கம் இரண்டு சமம், இடையிலுள்ள கோணம் சமம். சர்வசமம் என நிறுவுக. கீழே படம். ஒன்று பலாப்பழம் தின்றது போல் வயிறு வைத்திருந்தது. மற்றது மாதக்கணக்கில் பட்டினி கிடந்தது போல் இருந்தது. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. கட்டைவிரல் நகம் தன்பாட்டுக்குத் தாளின் ஓரத்தைத் தேடிப் போனது.

சுகுணா இடது உள்ளங்கையை விரித்து இரண்டு முக்கோணங்களையும் அழுத்தி மூடினாள். மேலிருந்த வரியை உதடசையப் படித்தாள். கையை எடுக்காமலே எழுதத் தொடங்கினாள்.