பட்டன் இல்லாத பியானோ

ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலவசம் என்பது உண்மைதான். சொல்லிக்கொடுத்தது என்ன என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் புதுச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வாரம் தவறாமல் கச்சேரி. என் நண்பர் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் பிரான்சிலிருந்து வரும்போது நான்கு கீபோர்டுகளைக் கொண்டுவந்து, வைத்திக்குப்பத்து மீனவப் பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார். அங்கே பாட்டு வாத்தியார் என்று ஒருவர் இருந்ததே இல்லை. "நீ போயி சினிமாப் பாட்டு கத்துக்குடுப்பா, புள்ளைங்க ஆசையா வரும்" என்றார். சனிக்கிழமைதோறும் போனேன்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம். எந்தப் பாட்டானாலும் ஒரே சுருதியில்தான், வெள்ளைக் கட்டைகளிலேயே விரல் ஓட்டுவோம். பாடுபவரின் தொண்டைக்கு எட்டவில்லையா, கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் சுருதி தானாக ஏறும், இறங்கும். விரல் இடம் மாற வேண்டியதில்லை, கறுப்புக் கட்டைகளைத் தொடவும் வேண்டியதில்லை. அதை வைத்தே இத்தனை வருடம் பிழைப்பை ஓட்டியவன் நான். பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தேன். ஆண்டு விழாவுக்கு ஒரே மாதத்தில் மூன்று பாட்டு வேண்டும் என்றார் தலைமையாசிரியை. மூன்றும் தயார். கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண், எட்டாம் வகுப்பு. அவள் அம்மா தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து நெல்லித்தோப்பில் தெருத்தெருவாக விற்பவர். ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை அது அவள் விரலில் இருக்கும். எனக்கே பொறாமையாக இருந்தது. அவள் கறுப்புக் கட்டைகளின் பக்கம் போகும்போதெல்லாம், "அது எதுக்கு? பட்டன அழுத்து" என்று தடுத்தது நான்தான். அங்கே போனால் என் விரலே தடுமாறும். பிள்ளைகள் முன்னால் தடுமாற எனக்கு மனமில்லை.

கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு சங்கீதப் பள்ளியில் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு இலவச இடம் என்று அறிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை தினமும் பயிற்சி. அது அவளுக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். தேர்வு நாளன்று அம்மா ஏலத்துக்குப் போகாமல் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன்.

உள்ளே இருந்தது பியானோ. அவள் வாசிக்க வாசிக்கத் தேர்வு செய்ய வந்திருந்த அம்மையாரின் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கும்மா. இதையே சுருதிய கொஞ்சம் ஏத்தி வாசி பாக்கலாம்" என்றார்.

அவள் பியானோவின் மேலே பார்த்தாள், பக்கவாட்டில் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மேடம், இதுல பட்டன் எங்க இருக்குது?"

அம்மையாரின் பக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வாளர் சிரித்துவிட்டார். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. "யாரும்மா உனக்குக் கத்துக்குடுத்தது?"

அவள் கதவுப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நானாவே கத்துக்கிட்டேன் மேடம்."

உள்ளே போய், நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கலாம். இடம் இல்லை என்று சொல்லி அவளை அனுப்பும்வரை கதவோரமே நின்றேன்.

வெளியே அம்மா எழுந்து நின்றார். "இன்னா சார் சொன்னாங்க?"

"அவங்களுக்கு வேண்டிய ஆளுக்கு முன்னாடியே குடுத்துட்டாங்கம்மா. நம்ம புள்ளைங்களுக்கு எங்க தரப்போறாங்க" என்றேன்.

அவர் உடனே நம்பிவிட்டார். அவர் பார்த்த உலகம் அப்படித்தான் இருந்தது. "தெரிஞ்சதுதான சார். நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. அம்மாதான் வந்தார். நல்ல வஞ்சிரமாகப் பார்த்து, அறுத்துச் சுத்தம் செய்து கொண்டுவந்திருந்தார்.

"எம் பொண்ணு குடுக்கச் சொல்லுச்சு சார்" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.