இடுப்புக்கு இங்கிலீஷ்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவனுக்குத் தாள்தான் வசதி.

இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில், செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு சர்ச் கூடத்தில் தரையில் மல்லாந்து கிடக்கிறேன். சுற்றிலும் பெண்கள், ஆண் நான் ஒருவன்தான். மூட்டு நன்றாக அசையவும், அசைந்தபின் ஆடாமல் நிற்கவும் யோகாவையும் பிலாட்டிஸையும் கலந்து சொல்லித்தரும் வகுப்பு அது. யோகாவில் மடக்கி விரித்து இளக்குவார்கள். பிலாட்டிஸில் வயிற்றை இறுக்கிப் பிடித்து, இளகியதை நிலைநிறுத்துவார்கள். முதல் நாளே ஆசிரியை ஹெலன், "இந்தியரா? யோகா உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்றார். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாரும் யோகா செய்து நான் பார்த்ததில்லை. சொல்லக் கூச்சம். சிரித்துவைத்தேன்.

பார்சல் கிடங்கில் நின்று நின்று என் இடுப்பு போய்விட்டது. தொழுகையில் சுஜூதுக்காக நெற்றியைத் தரையில் வைத்தால் எழ முடியாது. அதனால் இங்கே பள்ளிவாசலில் கடைசி வரிசை நாற்காலியில், கிழவர்களோடு உட்கார்ந்து தொழுகிறேன். பெருநாளுக்கு ஊர் போகிறபோது தம்பி கரீமோடு தோள் உரச வரிசையில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

போனில் கரீம் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா பாய், வெள்ளைக்காரி உனக்கு யோகா சொல்லிக் குடுத்துக்கினு இருக்கறாளா? இங்கேர்ந்து போனத உனக்கே திருப்பி விக்கறாங்கபா!"

குளிர்காலம் முழுக்கப் போனேன். வலி இம்மியும் குறையவில்லை. ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஹெலன் என் பக்கத்தில் மண்டியிட்டு, "வலி எங்கே? தொட்டுக் காட்டுங்கள்" என்றார். பெல்ட்டுக்கு மேலே முதுகைத் தொட்டேன்.

"அது ஹிப் இல்லையே, பேக்!"

சேரும்போது வலி எங்கே என்று கேட்டார்கள். போனில் 'இடுப்பு' என்று போட்டுப் பார்த்தேன். 'ஹிப்' என்று வந்தது, அதையே சொன்னேன். அவர்களுக்கு ஹிப் என்றால் தொடை மூட்டு; பெல்ட்டுக்கு மேலே இருப்பது பேக், முதுகு. ஹிப் வலிக்காரர்களுக்கு ஜன்னல் ஓரம். தொடை மூட்டை இளக்கும் யோகாதான் அதிகம். முதுகு வலிக்காரர்களுக்கு மேடை ஓரம். இறுக்கிப் பிடிக்கும் பிலாட்டிஸ். காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை மெத்தையில் காலையிலிருந்து சம்மணமிட்டுப் புடவை விரித்துக் காட்டியவன் நான். என் தொடை மூட்டு ஏற்கெனவே இளகித்தான் கிடந்தது. இளகியதையே ஒரு குளிர்காலம் முழுக்க இளக்கியிருக்கிறேன்.

"எங்கள் ஊரில் இரண்டும் இடுப்புதான்" என்றேன். நல்ல வேடிக்கை என்று நினைத்து ஹெலன் சிரித்தார். மேடை ஓரத்துக்கு மாற்றினார். இரண்டு வாரத்தில் என்ன பிடிப்பு வந்துவிடும்?

பெருநாளைக்குக் காஞ்சிபுரத்தில் கரீமின் பக்கத்தில் நின்றேன். அவன் தோள் என் தோளில் பட்டது. அது போதும் என்றிருந்தது. சுஜூதுக்குப் போனேன். வரிசை எழுந்தது. நான் எழவில்லை. தொழுகை முடியும்வரை, முன்னால் இருந்தவரின் குதிகாலைப் பார்த்தபடி அங்கேயே கிடந்தேன்.

பின்னால் ஒருவர் கேட்டார்: "யாருப்பா அது, கீழயே கீறாரு?"

"நம்ம கரீமோட அண்ணன்பா. லண்டன் பாய். அங்க குளிர்ல ஒடம்பு கெட்டுப்போச்சு போலக்குது."

கரீம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். இந்த முறை சிரிக்கவில்லை. நான் லண்டனில் ஒரு நாள்கூட இருந்ததில்லை என்று சொல்ல நினைத்தேன்.

மறுநாள் கரீம் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் புது பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டான். அதன் முதுகில் பெயின்ட்டில் 'லண்டன் பாய்' என்று எழுதியிருந்தது.