துப்பாக்கிக் கட்டைக்கு இஸ்திரி போட்ட கதை

மெரினாவில் காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடுவார்களே, அதில் நான் ஒரு வரிசை முழுக்கச் சுட்டும் ஒன்றுகூட உடையாமல் போகவே, கடைக்காரர் பரிதாபப்பட்டு ஒரு பலூனைத் தன் விரல் நகத்தால் உடைத்துவிட்டு, "உடைஞ்சுது சார்" என்று சொன்னார். ஆயுதங்களோடு எனக்கிருந்த பழக்கம் மொத்தமே அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் ஐம்பத்திரண்டு வயதில், டெக்ஸாஸில், பழைய ராணுவ ரைபிள்களைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடியும் பூட்டக் கற்றுக்கொடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். இதைவிட வெட்கக்கேடு, சேர்ந்த காரணம். என்னை ஒருவர் கூப்பிட்டார். அது போதுமாக இருந்தது.

கூப்பிட்டவர் எதிர்வீட்டுக்காரர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் நாங்கள் வீடு வாங்கிய எட்டு வருஷத்தில் எங்களுக்குள் இருந்த உறவு, குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுக்கும்போது ஒருவரையொருவர் பார்த்துக் கை தூக்குவதுதான். மற்றபடி எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அங்கேயே இருக்கும் மீனாட்சி கோயில் அபிஷேகம், யாராவது பிள்ளையின் முதல் பிறந்தநாள், யாராவது பெண்ணின் அரங்கேற்றம் என்ற அளவில் நின்றுவிடும். எல்லா இடத்திலும் அதே இருபது குடும்பம், அதே பனீர். இந்நிலையில் ஒரு மாலை அவர் தெருவைக் கடந்து வந்து, தன்னிடம் பிரிக்காத பழைய ரைபிள் இரண்டு இருப்பதாகவும், ஒன்றை நான் எடுத்து வேலை செய்யலாம் என்றும், முடிந்ததும் என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"உங்க நாட்டுல செஞ்சது," என்றார். "உங்களுக்குப் பிடிக்கும்."

பிடித்தது. பர்மா யுத்தத்தைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான். அந்த ரைபிளின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் எனக்குத் தெரியும். நம் ஊரில் பாங்க் வாசல் ஸ்டூலில் தூங்கும் காவலரின் மடியில் படுத்திருக்குமே, அதே த்ரீ நாட் த்ரீ. புத்தகம் படித்தே நீச்சல் கற்றுக்கொண்டவனின் தன்னம்பிக்கையோடு தலையாட்டினேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கரப்பான்பூச்சி வந்தா என்னைக் கூப்பிடற ஆளு நீங்க."

"இது ஹிஸ்டரி. யாரையும் சுடப்போறதில்ல."

"ஆயுத பூஜைக்கு வைக்கலாம்னு பார்க்கறீங்களா?"

உண்மையில் அப்படித்தான் யோசித்திருந்தேன். வருஷாவருஷம் லேப்டாப்புக்கும் மிக்ஸிக்கும் இரண்டு காருக்கும் குங்குமம் வைத்து ஆயுதம் என்று சாமியிடம் பொய் சொல்லிவருகிறோம். ஒரு தடவையாவது நிஜமாக ஒன்றை வைத்தால் என்ன?

அவளுக்கு வேறு கவலை இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது வேறு கவலைக்கு இடமும் இல்லை. பத்தொன்பது வருஷமாக வேலை விசாவில் இருக்கிறோம். கிரீன் கார்டு வரிசை மாதாமாதம் ஒரு தேதியாக வெளியாகும். அந்தத் தேதி நாங்கள் விண்ணப்பித்த தேதியைத் தொட்டால் எங்கள் முறை. ஒன்றரை வயதில் இடுப்பில் தூக்கி வந்த மகள் இப்போது ஆஸ்டினில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அவளுக்கு இருபத்தொரு வயது முடிவதற்குள் எங்கள் முறை வந்தால் அவளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். வராவிட்டால் அவள் எங்கள் விண்ணப்பத்திலிருந்து உதிர்ந்துவிடுவாள். வளர்ந்த ஊரிலேயே இருப்பதற்குத் தனியாக விசா தேட வேண்டும். என் மனைவி அந்த மாதத் தேதியை, மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் அடுத்த மாதம் தேதி பாயும் என்று எழுதினால் அன்று வீட்டில் பாயசம்.

வகுப்பை நடத்தியவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஊருக்குத் தெற்கே, மாடுகள் நிற்கும் ஒரு வெளியில், தகரக் கொட்டகை. அங்கே ஆறேழு மேஜை, மேஜைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு ரைபிள். பல் சுரண்டும் கொக்கிகளைத்தான் எல்லாருக்கும் கொடுத்தார். கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் தாரும் மெழுகும் கலந்தாற்போல ஒரு கிரீஸைப் பூசி வைத்திருக்கிறார்கள். அது இறுகிப்போய், திருகாணி இடுக்கெல்லாம் கறுப்பு அல்வாவாக அடைத்துக்கொண்டிருந்தது. கொக்கியால் சுரண்டி, மண்ணெண்ணெய் போன்ற எதிலோ ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பல் டாக்டர் மேஜை மேஜையாக வந்து குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் உள்ளே," என்பார். வாயைத் திறந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கும்.

முதல் சனிக்கிழமை நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. கையெல்லாம் கறுப்பு. எதிர்வீட்டுக்காரர் பக்கத்து மேஜையில். யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. என் ரைபிளைத்தான் கேட்டார்கள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன் பல் டாக்டரிடம்.

"உங்க போலீஸ் வேண்டாம்னு கழிச்சுப் போட்டது. கண்டெய்னர்ல வந்துது. வந்த வாரமே வித்துப்போச்சு."

வந்த வாரமே. அந்த வார்த்தை வாயில் ரொம்ப நேரம் இருந்தது, பல்லில் மாட்டிய நார் மாதிரி.

இரண்டாவது சனிக்கிழமை, மதியம். எல்லாரும் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடாமல் குழலை மடியில் போட்டு எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பெருமையாகக் காட்டி, "இவர் பத்தொன்பது வருஷமா இங்க இருக்கார். என்னைவிட அதிகமா டாக்ஸ் கட்டறார்," என்றார்.

பல் டாக்டர் சிரித்தார். "சிட்டிசன்?"

"இல்ல."

"கிரீன் கார்டு?"

"வரிசையில இருக்கேன்."

"அப்ப இப்போ எதுல இருக்கீங்க?"

"வேலை விசா."

சிரிப்பு நின்றது. அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, என் மடியிலிருந்து குழலை, குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல மெதுவாக வாங்கினார். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே கூடாது, நாடு முழுமைக்குமான சட்டம் அது, டெக்ஸாஸ் என்றாலும் அப்படித்தான் என்று தணிந்த குரலில் சொன்னார். கோபமில்லை. அவர் கண்ணில் இருந்தது பயம், அதுவும் தனக்காக.

எனக்கு இது தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தெரியாமல் இல்லை. எங்கேயோ படித்திருப்பேன். என் தவறு வேறு. நான் தற்காலிகம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. வீட்டுக் கடன், புல்வெட்டும் இயந்திரம், தெருச் சங்கத்தில் வேலி நிறத்தைப் பற்றி நடந்த சண்டையில் நான் கொடுத்த ஓட்டு, எல்லாமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டன. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விசா நீட்டிப்பு வரும்போது மட்டும் ஞாபகம் வரும். பிறகு மறுபடியும் மறந்துபோகும்.

"ஒரு வழி இருக்கு," என்றார் பல் டாக்டர். "வேட்டை லைசென்ஸ் வாங்கிட்டா விதிவிலக்கு உண்டு. கடையிலேயே தருவாங்க."

"நான் வெஜிடேரியன்."

"சுடணும்னு கட்டாயம் இல்ல," என்றார் எதிர்வீட்டுக்காரர், ஆறுதலாக.

பல் டாக்டர் யோசித்தார். பிறகு ரைபிளிலிருந்து கழற்றி வைத்திருந்த மரக்கட்டையை மட்டும் எடுத்து மூலை மேஜையில் வைத்தார். "மரம் துப்பாக்கி கிடையாது. இதை நீங்க செய்யலாம். ஆனா இரும்புப் பக்கம் வரக்கூடாது."

அன்று மாலை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். மகளும் வார இறுதிக்கு வந்திருந்தாள்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "எத்தனை பேர் பார்த்தாங்க?"

"எல்லாரும்தான். வகுப்பு இல்லியா?"

"போட்டோ எடுத்தாங்களா?"

"தெரியல."

"அவ பர்த்டேக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அஞ்சு மாசம் உங்களால கையக் கட்டிக்கிட்டு உட்கார முடியாதா? நாளைக்கு நம்ம கிரீன் கார்டு ஃபைல எடுத்துப் பார்க்கறவன், அப்பன் துப்பாக்கி தூக்கினான்னு இவளையும் சேர்த்துத் தள்ளிட்டா?"

"அம்மா, ரிலாக்ஸ்," என்றாள் மகள். "அப்பா, ஆர் யூ ஓகே?"

நான் ஓகே என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த நாட்டில் எதையும் உடைக்காமல், எந்தச் சிவப்பு விளக்கையும் தாண்டாமல் வளர்ந்த பெண். பள்ளியில் படிக்கும்போது பார்க்கிங் அபராதச் சீட்டு ஒன்று வந்ததற்கே, "அப்பா, இது ஃபைல்ல போகுமா?" என்று கேட்டவள்.

வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள் மனைவி. நான் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பட்டது.

மூன்றாவது சனிக்கிழமையும் போனேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மரம்தானே என்று மனைவியிடம் வாதாடினேன். "கட்டையத் தடவிட்டு வர்றதுக்கா நாப்பது மைல்?" என்றாள். ஆமாம், அதற்குத்தான்.

மூலை மேஜையில் உட்கார்ந்து, கட்டையில் விழுந்திருந்த பள்ளங்களை எடுத்தேன். ஈரத்துணியை விரித்து அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால், ஆவி உள்ளே போய் நசுங்கிய மரம் உப்பி மேலே வரும். இந்த ஒரு வேலை எனக்கு வந்தது. இருபத்தைந்து வருஷமாகத் திங்கட்கிழமைச் சட்டையை நானே தேய்த்துக்கொள்கிறவன். மற்றவர்கள் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தத்தோடு வேலை செய்ய, நான் வேட்டிக்கு இஸ்திரி போடுகிற சலவைக்காரரைப்போல ஆவியில் நின்றேன். பிறகு ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன், கை சூடாகும்வரை. மரம் சிவந்து, காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தது. அழகாக இருந்தது என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. பல் டாக்டர் சொன்னார்.

பூட்டியது எதிர்வீட்டுக்காரர். என் கட்டையில் அந்தக் குழல் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் இரண்டடி தள்ளி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். பிறகு எல்லாரும் கொட்டகை வாசலில் ரைபிளோடு வரிசையாக நின்றார்கள். "வாங்க, வாங்க, நடுவுல," என்றார் எதிர்வீட்டுக்காரர். போட்டோ என்றதுமே எனக்கு ஃபைல் ஞாபகம் வந்துவிட்டது. நான் எடுக்கிறேன் என்று போனை வாங்கிக்கொண்டேன். அந்தப் படத்தில் என்னுடையது என்று இருப்பது, புல்தரையில் விழுந்த நிழலின் தலை மட்டும்.

ரைபிள் அவர் வீட்டுச் சுவரிலேயே தங்கிவிட்டது. "உங்களுக்குக் கார்டு வர்ற அன்னிக்கு இறக்கித் தர்றேன்," என்றார். நல்ல மனிதர். எத்தனை நாளாகும் என்று நினைத்துச் சொன்னாரோ.

அந்த ஐந்து மாதமும் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. வாசலில் கார் நின்றால் நான் ஜன்னலுக்குப் போவேன். பெரும்பாலும் பார்சல்காரர். மாதத் தேதி ஒருமுறை ஒரு வாரம் முன்னால் நகர்ந்தது. பாயசம். அடுத்த மாதம் இரண்டு வருஷம் பின்னால் போனது. மனைவி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தேதியை நான் பின்னால் தள்ளவில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் என்னைத்தான் பார்த்தாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மகளின் பிறந்தநாளுக்கு ஆஸ்டின் போனோம். கேக் வெட்டினாள். சுற்றி நின்ற சிநேகிதிகள் இனி சட்டப்படி குடிக்கலாம் என்று கைதட்டினார்கள். அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மறுவாரம் அவளுக்கு மாணவி விசாவுக்கு மனு போட வேண்டியிருந்தது. படிப்பு முடிந்ததும் சொந்த நாடு திரும்பும் எண்ணம் உண்டு என்று அவள் சொல்ல வேண்டுமாம். "விச் ஒன், அப்பா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அந்த மனு விஷயமாகத்தான் கடைசியில் வக்கீலைக் கூப்பிட்டேன். ஹூஸ்டனில் இருக்கும் திருச்சிக்காரர். எல்லாம் பேசி முடித்த பிறகு, கொட்டகை, கொக்கி, மடியில் இருந்த குழல், எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சனிக்கிழமை தொட்டேன் என்றேன். என்னால்தான் பெண்ணுக்குக் கெட்டுப்போனதா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது.

"இனிமே தொடாதீங்க," என்றார். "ஆனா அதனால பொண்ணு கேஸ் கெட்டுப்போச்சான்னு கேட்டா, கெடறதுக்கு அங்க கேஸே இல்ல சார். உங்க தேதி இருக்கற வரிசைக்கு, அவ நாப்பதாவது பர்த்டேக்குள்ள வந்தா பெரிசு."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"உங்க மிஸஸ் மாசாமாசம் போன் பண்ணி ஹோப் இருக்கான்னுதான் கேப்பாங்க. இருக்குன்னேன். அது இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லியே." கீபோர்டு மறுபடி ஆரம்பித்தது. "நீங்க பீரங்கியே வாங்கி வாசல்ல நிறுத்தியிருந்தாலும் இதேதான் சார் ஆயிருக்கும். வேற ஏதாவது கேக்கணுமா?"