ரயில் பாதைக்குக் கீழே இருபது மதிப்பெண்: லிங்கராஜபுரம் முதல் ஆனேக்கல் வரை

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சுற்றுலாப் பயணிகள் இன்னும் கண்டுபிடிக்காத ஓர் இடத்துக்குப் போய் வந்தேன். ஆனேக்கலைத் தாண்டியுள்ள ஒரு கல்யாண மண்டபம். அன்று அங்கே கல்யாணம் இல்லை. பெட்ரோல், டீசல் மீது வாங்கும் விற்பனை வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, அதை இந்த வட்டாரத்தின் எந்தப் பாலத்துக்கு, எந்தச் சாலைக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அனுமதி இலவசம். அருவிகளைப் பார்த்து அலுத்தவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம். இங்கும் மேலிருந்து கீழே ஏதோ கொட்டிக்கொண்டே இருக்கும், யாரும் நனைய மாட்டார்கள்.

நான் போனது என் சித்தி மகள் அமலாவுக்காக. அமலா விவேக் நகரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். நகரத்துக்குள் வீடு வாங்குவது கணக்கில் வராததால் ஆனேக்கல் பக்கம் ஒரு லேஅவுட்டில் வாங்கினாள். பஸ் நிற்பது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், லேஅவுட் இருப்பது அந்தப் பக்கம். நடுவில், பாதைக்கு அடியில், ஓடைத் தண்ணீர் போவதற்காக எப்போதோ கட்டிய கல் மதகு ஒன்று. வெயில் காலத்தில் குனிந்து அதற்குள் நடந்து வரலாம். மழை பெய்தால் ஓடை தன் உரிமையைக் கேட்டு வந்துவிடும். அப்போது ஏழு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், அல்லது தண்ணீரில் இறங்க வேண்டும்.

அந்த மதகை அகலமாக்கி பஸ் உள்ளே வர வழி செய்யும் திட்டமும் அன்று தேர்வாகும் பட்டியலுக்கான போட்டியில் இருந்தது. ஜூனில் இருந்து பள்ளி முக்கால் மணி நேரம் முன்னதாகவே தொடங்கும், வர முடியுமா முடியாதா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். திட்டம் தேர்வானால், மதகைக் கட்டி முடிக்கும்வரை எப்படியாவது சமாளித்துக்கொள்வதாகச் சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். தேர்வாகாவிட்டால் ராஜினாமா. “அண்ணா, நீங்க வந்து இங்கிலீஷ்ல மூணு நிமிஷம் பேசுங்க. நாங்க தமிழ்லயும் கன்னடத்துலயும் சொன்னா தலையாட்டிட்டு விட்டுடறாங்க” என்றாள். இங்கிலீஷுக்கு வேறு விதமாகத் தலையாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கிளம்பினேன்.

லிங்கராஜபுரத்தில் காலை ஆறு பத்துக்குப் பஸ் ஏறினேன். சிவாஜி நகரில் மாறி, மார்க்கெட்டில் மறுபடி மாறி, ஆனேக்கல் பஸ் நிலையத்தில் இறங்கும்போது ஒன்பது இருபது. சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணி பத்து நிமிடம். சைக்கிளில் வந்திருந்தாலும் ஏறக்குறைய இதே நேரம்தான், உடம்புக்கும் நல்லது. ஓசூர் சாலையில் பஸ் ஒரு மேம்பாலத்தின் நிழலில் இருபது நிமிடம் நின்றது. தூண்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். கட்டி முடித்தவை, கட்டிக்கொண்டிருப்பவை, கட்டப்போவதாகச் சொல்லித் தோண்டியவை என்று மூன்று காலகட்டத்துத் தூண்கள் உண்டு. இடது பக்க ஜன்னல் இருக்கை நல்லது.

போக்குவரத்தைப் பற்றிய இந்தக் கூட்டம் நடந்த மண்டபத்துக்குப் பஸ் கிடையாது. பஸ் நிலையத்தில் காத்திருந்த அமலாவோடு ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

“மண்டபமா? யாருக்கு சார் கல்யாணம்?”

“கல்யாணம் இல்லப்பா, மீட்டிங். ரோடு, பாலம் எல்லாம் போடறதுக்கு.”

“அப்ப லேட்டாகும் சார். கல்யாணம்னா முகூர்த்தம்னு ஒண்ணு இருக்கும். இருநூறு குடுங்க. வரும்போது சவாரி கெடைக்காது, ரோடும் சரியில்ல.”

நான்கு கிலோமீட்டருக்கு இருநூறு அதிகம்தான். ஆனால் ரோடு சரியில்லை என்பதற்காக வாங்குகிற பணம் ரோட்டுக்காக வாங்குகிற வரியைவிட நேர்மையானது. கொடுத்துவிட்டேன்.

பத்தரைக்கு என்று சொன்ன கூட்டம் பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கியது. திரையில் படம் காட்டி விளக்கியவர் ஓர் ஆலோசனை நிறுவனத்து இளைஞர். மதிப்பெண் போடும் முறை எளிமையாகவே இருந்தது. நெரிசல் எவ்வளவு குறையும், வாகனங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம், நிலமும் வரைபடமும் தயாரா, இடத்தின் தேவை என்ன என்று நான்கு தலைப்புகள். கடைசித் தலைப்புக்கு இருபது மதிப்பெண்.

நெரிசலை அளப்பது நின்றுகொண்டே எரியும் எரிபொருளை வைத்து. பணம் பெட்ரோலில் இருந்து வருவதால் இது நியாயம் என்றார். யோசித்துப் பார்த்தேன், நியாயம்தான். காரில் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் சிக்னலில் நிற்பவர் நிதிக்கு வாரி வழங்குகிறார். தண்ணீரில் நடந்து போகிறவர் நாட்டுக்கு ஒரு சொட்டும் எரித்துக் கொடுப்பதில்லை.

முதலிடம் பெற்ற திட்டம், ஏற்கனவே உள்ள ஒரு மேம்பாலத்தை இன்னொரு மேம்பாலத்தோடு இணைக்கும் மேம்பாலம். ஒன்றில் இறங்கும் கார்கள் மற்றதில் ஏறும்வரை தரையைத் தொட வேண்டியிருக்கிற துயரத்தை அது தீர்க்கும். அமலாவின் மதகு, பட்டியல் முடிந்து கோடு போட்ட இடத்துக்குக் கீழே பன்னிரண்டு மதிப்பெண் தூரத்தில் கிடந்தது.

என் மூன்று நிமிடம் வந்தது. பேசினேன். நல்ல இங்கிலீஷ்தான். “உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது” என்று இளைஞர் சொன்னார். கருத்துகளைப் பதிவு செய்வார்கள் என்பதும் அதனால் மதிப்பெண் மாறாது என்பதும் அறிவிப்பிலேயே இருந்தது. நான் வரும்போது படித்திருக்க வேண்டும்.

அப்போது அமலா எழுந்தாள். டீச்சர் குரல். மைக் தேவைப்படவில்லை.

“சார், எங்க வழியில வண்டி எண்ணிக்கை பூஜ்யம்னு போட்டிருக்கீங்க. யார் எண்ணினாங்க?”

“கேமரா வச்சு எண்ணினோம் மேடம். ஒரு வண்டியும் வரல.”

“எப்படி சார் வரும்? வழியே இல்லையே, அதனாலதானே கேக்கறோம்?”

“வண்டி போகாத இடத்துல டிமாண்ட் இல்லைன்னுதான் மாடல் காட்டும் மேடம்.”

பின்வரிசையில் யாரோ, “உங்க மாடலைக் கூட்டிட்டு வாங்க சார், நாங்க இடுப்புல தூக்கி வச்சு அந்தப் பக்கம் விடறோம்” என்றார். மண்டபம் சிரித்தது. இளைஞரும் சிரித்தார், நல்ல பையன்.

மேடையில் அதுவரை பேசாமல் இருந்த பெண் இன்ஜினியர் அப்போது மைக்கை வாங்கினார். கன்னடக்காரர், தமிழ் தெரியும். “தேவைக்கு இருபதுல ரெண்டுதான் வந்திருக்கு. பிப்ரவரியில பார்த்திருக்காங்க, ஒணகி, காஞ்சு போய் இருந்திருக்கு, தண்ணியே இல்ல. அந்த மார்க் மட்டும் என் கையில இருக்கு அம்மா. லிஸ்ட் சாயங்காலம்தான் போகும். நேத்து மழை பெய்ஞ்சிருக்கே, வாங்க, இப்பவே போய்ப் பார்த்துடலாம்” என்றார்.

இத்தனை வருடப் பயணங்களில் ஓர் அதிகாரி நாற்காலியில் இருந்து எழுந்து, போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிக் கேட்டது இதுவே முதல்முறை. எனக்குள் நம்பிக்கை போன்ற ஒன்று ஏற்பட்டது. காலையில் எதுவும் சாப்பிடாததாலும் இருக்கலாம்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் அமலா ஒதுங்கி நின்று லேஅவுட் சங்கத் தலைவர் ராமமூர்த்திக்குப் போன் செய்தாள். மாநில அரசு அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர். “சார், மேடமே வராங்க. தண்ணி நிக்குதுல்ல? அப்படியே இருக்கட்டும். மோட்டார் போட்டு எடுத்துடாதீங்க. கோலம் வேணாம், இளநி வேணாம், சால்வை வேணவே வேணாம். யாரும் எதுவும் செய்யாதீங்க.” எதிர்முனையில் அவர் சத்தியம் செய்துகொடுத்தது எனக்கே கேட்டது.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாங்கள் போனபோது மதகு அற்புதமாக இருந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை காபி நிறத் தண்ணீர், மேலே ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு, வாடையும் குறைவில்லை. இதற்கு இருபதுக்கு இருபது கொடுக்காதவன் மனிதனே இல்லை. பதினைந்து வந்தாலே பட்டியலில் கடைசி இடம் கிடைத்துவிடும். லேஅவுட்காரர்கள் முப்பது பேர் இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், மிகுந்த சிரமத்தோடு நின்றார்கள்.

இன்ஜினியர் தயங்கவில்லை. செருப்பைக் கழற்றினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். ஒரு காலை எடுத்துத் தண்ணீரில் வைக்கப் போனார்.

“மேடம், பேடா! பேடா மேடம், வேண்டாம்!” என்று ராமமூர்த்தி பாய்ந்தார். ஓர் அதிகாரி அறைக்குள் வரும்போதெல்லாம் பல்லாண்டு காலம் எழுந்து நின்ற உடம்பு, கேட்கவில்லை.

“பரவால்ல சார், நான் இறங்கறேன்.”

“அய்யோ, நம்ம ஏரியாவுக்கு வந்துட்டு நீங்க சாக்கடையில கால் வைக்கறதா? டேய், பெஞ்ச எடுங்கடா!”

அவ்வளவுதான். முப்பது பேரின் கட்டிய கைகளும் அவிழ்ந்தன. எதிரே இருந்த டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பி மூன்று பெஞ்சுகளைத் தூக்கி வந்தார்கள். தண்ணீரில் வரிசையாகப் போட்டார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் மதகின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்குச் சரியாக இருந்தது. பெஞ்சில் சேறு தெறித்திருந்தது. அதைத் தன் துப்பட்டாவால் துடைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அமலா. துடைத்துவிட்டு, “மெதுவா மேடம், தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க” என்று தண்ணீரில் நின்றபடியே கையை நீட்டினாள். நான் என் பங்குக்கு அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டேன்.

இன்ஜினியர் அந்தப் பக்கம் போய், ஒரு சொட்டும் படாமல் திரும்பி வந்தார். ஜீப் பானட்டின் மேல் வைத்து எழுதினார். எழுதும்போதே அவர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

“என்ன மேடம் போட்டீங்க?” என்றாள் அமலா.

“அஞ்சு. மழையிலயும் நடந்து கடக்க முடியுதுன்னு எழுதியிருக்கேன். நான் பார்த்ததைத்தானே அம்மா எழுத முடியும்? நடந்தேன், நனையல. போட்டோவும் எடுத்தாச்சு.” சற்று நின்று, “நான்தான் இறங்கறேன்னு சொன்னேனே, ஏன் பெஞ்ச் போட்டீங்க?” என்றார். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்களாக இருந்திருந்தால் யாரும் பெஞ்ச் போட்டிருக்க மாட்டார்கள். குறிப்புப் பகுதியில் ‘உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு மிக நன்று’ என்றும் எழுதினார். ராமமூர்த்தி அதைப் படித்து நெகிழ்ந்துவிட்டார்.

ஜீப் திரும்பியதும் டீக்கடைக்காரர் வந்து, “சார், பெஞ்ச எடுத்துக்கறேன், கஸ்டமருங்க நிக்கறாங்க” என்றார். எடுத்துக்கொண்டு போனார். அமலா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். “வரேண்ணா. வீட்டுக்கு வந்துட்டுப் போங்கன்னு சொல்லணும்தான். ஆனா இந்தத் தண்ணியில உங்கள எப்படிக் கூப்பிடறது?” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். நம் ஊரில் திட்டம் எப்படித் தேர்வாகிறது என்று கேட்பவர்களுக்கு மாடல், மதிப்பெண், எரிபொருள் என்று ஆயிரம் குறை சொல்லலாம். எல்லாம் உண்மை. ஆனால் அன்று அந்தத் தாளில் ஒரு பொய்யும் இல்லை. துன்பத்தைக் காட்டினால்தான் தீர்வு என்பது அவர்கள் விதி. வந்தவர் முன்னால் துன்பத்தை மறைத்தால்தான் மரியாதை என்பது எங்கள் பழக்கம். இரண்டும் சந்தித்த இடத்தில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. அடுத்த சுற்றுத் தேர்வு எப்போது என்று இன்ஜினியரைக் கேட்டிருந்தேன். இந்தப் பட்டியலில் உள்ளவை முடிந்த பிறகு என்றார். மேம்பாலத்தை மேம்பாலத்தோடு இணைக்கும் வேலை எப்போது முடிந்திருக்கிறது?

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மார்க்கெட்டில் இருந்து காலை ஏழரைக்கு முன் கிளம்பிவிடுங்கள். கூட்டத்தில் மூன்றாம் வரிசைக்குள் உட்காருங்கள், மைக் ஒயர் அதற்கு மேல் எட்டாது. குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். உங்கள் பகுதியைப் பார்க்க அதிகாரி வந்தால், முன்கூட்டியே டீக்கடைக்காரரிடம் சொல்லி பெஞ்சுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவையுங்கள். சாவியை வெளியூருக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.

மதகை நேரில் பார்க்க விரும்பினால் மழைக்கு மறுநாள் போங்கள், ரப்பர் செருப்பு போதும். அந்தப் பக்கம் ஏறியதும் இடது கைப்பக்கம் நான்காவது வீடு அமலாவுடையது. காபி நன்றாகப் போடுவாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வரச் சொல்வாள். இப்போது எந்த நாளும் எந்த நேரமும் போகலாம், வீட்டில்தான் இருப்பாள்.