ஆறும் பத்தும்

1. திங்கட்கிழமை காலை, எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடி நின்றது.
2. மோட்டார் பெட்டியைத் திறந்தேன். ஒரு வயரின் முனையில் நசுக்கிப் பொருத்தியிருந்த செம்புக் குழல், நாங்கள் லக் என்பது, கருகியிருந்தது.
3. புது லக் போட்டேன். வயர் அதில் ஆடியது. ஃபாக்டரியில் எல்லோரும் செய்வதுபோல இழைகளை இரண்டாக மடித்துத் திணித்து, சாதாரணக் குறட்டால் நசுக்கினேன்.
4. புதன்கிழமை அதே லக் மறுபடி கருகியது. அன்றைய கொழுந்தில் பாதி சூடேறிச் சிவந்து வீணாகியது.

ஃபாக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் என்னைத் திட்டவில்லை. "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வெளியாளக் கூப்பிட்டுருவேன். நீங்க ஆபீசுல டைப் அடிக்கப் போயிரலாம்மா" என்றார். மின் வேலைக்கு அந்தத் தோட்டம் எடுத்த முதல் பெண் நான். வேலை நிரந்தரமாவதற்கு முன் வைத்திருந்த ஆறு மாதச் சோதனைத் தவணை முடிய இரண்டு வாரம் இருந்தது.

கருகிய லக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். உள்ளே இழைகளுக்கு நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில்தான் சூடு பிறந்திருக்கிறது. எங்கள் வயர்கள் பழைய அங்குலக் கணக்கு. ஸ்டோரில் இருந்த லக்குகள் புதிய மில்லிமீட்டர் கணக்கு, பத்தாம் அளவு. வயருக்குச் சரியான அளவு லக்தான் போட வேண்டும் என்பது பயிற்சியில் படித்ததுதான். இருந்தும் மடித்துத் திணித்தேன்.

அன்று மத்தியானமே வயரில் ஒரு சாண் வெட்டிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன். ஹார்டுவேர் கடை முதலாளி லக் நசுக்குவதற்கென்றே உள்ள கிரிம்பிங் குறடுகள் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது வெல கொறைவு தங்கச்சி. ஆனா கை வலிச்சா பாதியிலயே விட்டுரலாம். இது அப்படியில்ல, எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. ஏறுனா பசறையிலதான் எறக்கும்."

இரண்டாவது குறடு முழுதாக அமுக்கும்வரை வாயைத் திறக்காது. வாயில் ஆறு, பத்து, பதினாறு என்று மூன்று குழிகள். பத்தாம் லக்கில் என் வயர் ஆடியது. ஆறில் முறுக்கித்தான் நுழைக்க வேண்டியிருந்தது. ஒரு இழையும் வெளியே நிற்கவில்லை. ஆறாம் குழியில் வைத்து அமுக்கினேன். லக்கை அவர் பிடித்துக்கொள்ள, நான் வயரை இழுத்தேன்.

"போதும் தங்கச்சி, என் தோள்பட்டை கழண்டுரும்."

வியாழக்கிழமை, வாங்கி வந்த அந்தக் குறட்டாலும் ஆறாம் லக்குகளாலும், கருகியதை மட்டுமல்ல, மோட்டாரின் மூன்று முனைகளையும் மாற்றினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மெயினை அணைத்து, லக்குகளைத் தொட்டேன். மூன்றும் ஒரேமாதிரி வெதுவெதுப்பு. அப்போதுதான் பசி தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

டீ மேக்கர் கொழுந்தை ஒரு பிடி அள்ளிக் கசக்கி மோந்து பார்த்தார். "ம், வாடுது" என்றார்.

இது நடந்து நான்கு மாதம். காற்றாடி நிற்கவில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது. மற்ற ஏழு மோட்டார்களில் நான்குக்கு லக் மாற்றியாயிற்று, மூன்று பாக்கி.