என் மெத்தைமேல் கவிழ்ந்த படகு

என் கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தையின் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் கல்லாக இறுகிக் கிடக்கும். மறந்துபோய் அதன்மேல் படுத்தால் இடுப்பில் குத்தும். ஃபைபர் படகுக்குப் பூசுகிற பிசின் அது. படகுப் பிசின் மெத்தைக்கு எப்படி வந்தது என்று கேட்காத விருந்தாளி இல்லை. எண்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான புதிதில், பீர்க்கன்கரணையில் ஏரியை ஒட்டியிருந்த என் புகுந்த வீட்டில் நடந்த கதை.

மாமனார் தாம்பரத்துக்கும் சென்னை பீச்சுக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டியவர். தூரத்துச் சிக்னல் மங்கலாகத் தெரிகிறது என்று கண் பரிசோதனையில் தெரிந்ததும், வண்டியிலிருந்து இறக்கி ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். வீட்டில் வாய் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும் என்றாகிவிட்டது. அப்படிப்பட்ட மனிதர், உப்பங்கழியில் யாரோ கழித்துப்போட்ட துடுப்புப் படகு ஒன்றை ஒருநாள் வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மாமியார் துணி காயப்போடும் இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது.

"வேலில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுகினு வந்துகீறாரு. நான் அத்தத் தொடக்கூட மாட்டேன்," என்றார் மாமியார்.

எனக்கோ கேட்காமல் இருக்க முடியவில்லை. ஊரே ஸ்கூட்டர் வாங்கும்போது இவருக்குப் படகு எதற்கு?

"இத்தினி வருஷம் வண்டி ஓட்டினேம்மா, ஒருநாள்கூட நான் திருப்பினதில்ல. தண்டவாளம் எங்க போவுதோ அங்கதான் வண்டி போவும். ஒரு தபாவாச்சும் எதையாவது என் கையால திருப்பிப் பாக்கணும். இந்தக் கண்ண வெச்சிகினு ரோட்டுல முடியாது. ஏரில யாரப் போய் இடிக்கப்போறேன்?"

நான் தினமும் ஏறி இறங்கிய ரயில்தான். அதில் ஓட்டுபவருக்குத் திருப்ப ஒன்றுமில்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் படகு ஓடியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே நானும் ஆசைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

படகில் ஒரு விரிசல், அதுவும் அடிப்பாகத்தில். கவிழ்த்தால்தான் பூச முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை தெரு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே பக்கம் நின்று, உற்சாகமாகத் தூக்கினார்கள். படகு விளிம்பில் செங்குத்தாக நின்றது. அப்புறம்தான் புரிந்தது, அந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்க ஒருவர்கூட இல்லை. கீழே துணி துவைக்கும் கல். கை விட்டால் படகு இரண்டாகப் போகும்.

வெயிலில் காய்ந்துகொண்டிருந்த என் மெத்தையை மாமியார் ஒரே இழுப்பில் இழுத்துக் கல்மேல் போட்டார். போட்டுவிட்டு, தொடமாட்டேன் என்ற படகுக்குத் தோளையும் கொடுத்தார். நானும் ஓடிப்போய்ப் பிடித்தேன். மெல்ல இறங்கிக் கவிழ்ந்தது. அதன் வயிற்றில் குட்டிக் குட்டியாகச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. ஒன்றைச் சுரண்டி முகர்ந்தேன். எங்கள் கொல்லையில் உப்புத்தண்ணீர் வாசனை. மறுபடி தூக்க ஆளில்லாமல் மெத்தை படகுக்கு அடியிலேயே கிடந்தது. மாமனார் பூசிய பிசின் விரிசல் வழியாக அதில்தான் சொட்டியது.

மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்தது. படகை இறக்கினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மாமனார் ஏறி உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தார். அப்போதுதான் அந்த வேடிக்கை தெரிந்தது. துடுப்பு வலிப்பவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும்! ஆயுசு முழுக்க முன்னால் பார்த்தே வண்டி ஓட்டியவர், திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்த்தும் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஆகாயத்தாமரைக்குள் புகுந்தார், திரும்பக் கரையில் வந்து முட்டினார். கரையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். படகில் ஏறி அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க வலிங்க. முன்னால இன்னா கீதுன்னு நான் பாத்து சொல்றேன். சோத்தாங்கைப் பக்கம் திருப்புங்க."

வலது பக்கம் என்றுதான் சொன்னார், படகு மறுபடி ஆகாயத்தாமரைக்குள் போனது.

"எந்தச் சோத்தாங்கை? உன்னுதா, என்னுதா?"

"உங்களுதுதான், என்னுது இல்ல!"

மாமனார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். படகு வளைந்து நடு ஏரிக்குப் போனது. திருப்பியது அவர் கைதான்.

மாமனார் போய்ப் பல வருஷமாகிவிட்டது. படகும் இல்லை. பஞ்சு அடிப்பவர் வரும்போதெல்லாம் அந்தக் கல்லான இடத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்பேன், மாமியார் விடமாட்டார். போன வாரம் வெயிலில் போட மெத்தையை வாசலுக்கு இழுத்தேன். கனம் தாங்காமல் பின்பக்கமாக நடந்தேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் மாமியார்.

"செவுரு கீது, பாத்து. சோத்தாங்கைப் பக்கம் போம்மா. உன்னுது, என்னுது இல்ல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்ன பக்கமே இழுத்துக்கொண்டு போனேன்.