காலையில் மட்டும் விழும் நெட்வொர்க்

அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். அங்கே பதிவெல்லாம் ஏறுகிற உள்ளறைச் சிஸ்டத்துக்குப் புது ஓ.எஸ். போட்டுக் கொடுத்தது நான்தான். போட்ட மறுநாளே ஆரம்பித்தது தலைவேதனை. காலையில் சிஸ்டம் எழும்போதே திரையில் சிவப்பு எழுத்தில் வரும், நெட்வொர்க் சர்வீஸ் தொடங்கவில்லை என்று. அது வராவிட்டால் முன்னறைக் கம்ப்யூட்டரில் ஒரு பெயரைக்கூடப் பதிய முடியாது. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வாசலில் காய்ந்துகொண்டு நிற்பார்கள்.

லேபைத் திறப்பது ஒரு பெண். தா.பழூர் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். ரத்தம் எடுப்பதும் அவள்தான், பில் போடுவதும் அவள்தான். விடிந்ததும் எனக்குப் போன் வந்துவிடும்.

“சார், இன்னைக்கும் வரல சார். ஒரு பெரியவரு மயக்கம் வர்ற மாதிரி இருக்குங்கிறாரு.”

“சிஸ்டத்த மட்டும் ஆஃப் பண்ணிப் போடும்மா.”

போட்டால் வந்துவிடும். ஆனால் அடுத்த நாள் காலை மறுபடி அதே கதை. பெரம்பலூரிலிருந்து சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து நான் போய்ச் சேரும்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். கேபிளை மாற்றினேன். நெட்வொர்க் கார்டையே மாற்றினேன். நன்றாக ஓடுகிற ஒன்றில் கோளாறு தேடுகிற அலுப்பு இருக்கிறதே, போதும்டா சாமி என்று ஆகிவிட்டது.

லேப் ஓனர் அலுத்துக்கொள்ளவில்லை. அவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“நீங்க வந்தா ஓடுது. நான் இருந்தா ஓடுது. காலையில இவ மட்டும் இருக்கறப்பதான் படுத்துக்குது. என்னத்தையோ நோண்டுறா தம்பி. இந்த வாரம் பாப்பேன், சரியாவலன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்.”

அவள் காதில் விழும்படியேதான் சொன்னார். அவள் ஊசியைப் பிரித்தபடி, “நான் எதையும் தொடல சார்” என்றாள், அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. எனக்கு அவர்மேல் எரிச்சல், என்மேல் அதைவிட எரிச்சல். நான் போட்ட ஓ.எஸ்.ஸுக்கு அவள் வேலை போகப்போகிறது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய், அவள் வருவதற்கு முன்பே வாசலில் நின்றேன். வந்தாள், ஷட்டரைத் தூக்கினாள், சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சைப் போட்டாள். மோடமும் சிஸ்டமும் ஒன்றாக எழுந்தன. சிவப்பு எழுத்தும் வந்தது.

“ராத்திரி மெயினையே அணைச்சிட்டுத்தான் போவியாம்மா?”

“ஓனருதான் சார் சொல்லியிருக்காரு. ஃபிரிட்ஜ் லைனத் தவிர எல்லாத்தையும் அணைச்சிரணும். தீப்புடிச்சிரும்னு அவருக்குப் பயம்.”

அடச்சே என்று இருந்தது. சிஸ்டம் சட்டென்று எழுந்துவிடும். மோடத்துக்கு லைன் கிடைக்க அதைவிட நேரமாகும். பழைய ஓ.எஸ். அதுவரை பேசாமல் காத்திருந்தது. புதுசு கொஞ்சம் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது, பிறகு லைன் வந்தாலும் கண்டுகொள்வதில்லை. காத்திருக்கும்படி செட்டிங்கை மாற்றினேன். மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். வந்தது. இன்னொரு தடவையும் வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கே அப்பாடா என்று இருந்தது.

ஓனர் வந்ததும், காத்திருந்தவர்கள் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

“இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க. நான் போட்ட சிஸ்டமும் நீங்க அணைக்கச் சொன்ன மெயினும்தான் காரணம்.”

“சரி, சரி” என்றவர் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, மெயின அணைக்கிறேன்னு இவருகிட்ட முன்னாடியே சொல்றதுக்கு என்ன ஒனக்கு?”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். காத்திருந்த அத்தனை பேருக்கும் வரிசையாக ரத்தம் எடுத்தாள். கடைசி ஆளிடம், “போயி மொதல்ல சாப்புடுங்க ஐயா” என்றாள். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஷட்டர் சாவியை ஓனர் மேசைமேல் வைத்தாள்.

“நாளையிலேருந்து நீங்களே தொறந்துக்குங்க.”

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ஓனர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அதான் சரியாயிடுச்சே தம்பி. இன்னும் என்ன கோவம் இவளுக்கு?”